குடும்பத்தோடு சமுதாயப் பொழுதுபோக்கு மையத்தில் சேர்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், பலவகை வகுப்புகள் எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ள சமுதாயப் பொழுதுபோக்கு மையம் நடந்துபோகும் தொலைவிலேயே இருந்தும் அதன் வாசற்படியை மிதிக்காத குடும்பங்கள் ஏராளம். அது விளையாட்டு வீரர்களுக்கான இடம் என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதற்கான இடம் என்று வேறு சிலர் எண்ணுகிறார்கள். ஆர்வத்தோடு சேர்ந்தவர்களிலும் பலர் சில வாரங்களில் போவதை நிறுத்திவிடுகிறார்கள். கைக்குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை வீட்டில் உள்ள எல்லோருக்கும் அங்கே ஏதாவது ஒரு பயன் உண்டு. அந்தப் பயனைத் தேடிக் கண்டுபிடித்து, தொடர்ந்து அனுபவிப்பதற்கான வழிமுறைகளை, முதன்முறையாகச் சேரவிருக்கும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். இவை அனைத்திற்கும் அடிப்படையாக நான் நம்புவது ஒன்றுதான்: வீட்டில் யாருக்கு அங்கே போவது மிகக் கடினமோ, அவரை முன்னிறுத்தியே திட்டமிட வேண்டும். அவருக்கு ஒரு வழி அமைந்துவிட்டால், மற்றவர்களுக்கு வழி அமைப்பது பெரிய வேலையாக இருக்காது.

தனியாகவா, குடும்பமாகவா?

லண்டனின் பெக்கம் பகுதியில் ஜார்ஜ் ஸ்காட் வில்லியம்சன், இன்னஸ் பியர்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1926-ஆம் ஆண்டு ஒரு நலவாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். அங்கே தனி ஆளாக யாரும் உறுப்பினராக முடியாது. குடும்பமாகத்தான் சேர முடியும். வாரந்தோறும் ஒரு சிறு தொகையைக் கட்டணமாகச் செலுத்தி, அவ்வப்போது உடல்நலப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால் போதும். 1935-இல் அந்த மையத்திற்கென்று எழுப்பப்பட்ட புதிய கட்டடத்தின் நடுவில் நீச்சல் குளம் இருந்தது. அதைச் சுற்றிலும் கண்ணாடித் தடுப்புகள் இருந்ததால், சிற்றுண்டிக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் நீந்துபவர்களைப் பார்க்க முடிந்தது. நீந்தத் தெரியாத ஒருவர், தம்மைப் போன்ற இன்னொருவர் தயங்கித் தயங்கித் தண்ணீரில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் தாமும் இறங்குவார் என்பதே அந்த அமைப்பின் அடிப்படை. 1950-இல் அந்த மையம் மூடப்பட்டது. ஆனால் குடும்பத்தை ஓர் அலகாகக் கொள்வது, வேடிக்கை பார்ப்பதையும் பங்கேற்பின் முதற்படியாக ஏற்றுக்கொள்வது ஆகிய அதன் இரண்டு கருத்துகளும் இன்றைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

பெரும்பாலான மையங்களில் தனிநபர் உறுப்பினர் திட்டம், குடும்ப உறுப்பினர் திட்டம் இரண்டும் இருக்கும். மூன்று பேர் ஒழுங்காகப் போவார்கள் என்றாலே குடும்பத் திட்டம் பல இடங்களில் இலாபமாகிவிடும். ஆயினும் கட்டணத்தைக் காட்டிலும் முக்கியமான காரணம் வேறு. அப்பா மட்டும் உடற்பயிற்சிக் கூடத்திற்குப் போய் வருவதென்றால், வீட்டில் வேலை கூடும் நாட்களில் முதலில் நின்றுபோவது அந்தப் பழக்கம்தான். எல்லோரும் சேர்ந்து கிளம்பும் நாள் என்றால், ஒருவர் சோர்ந்திருந்தாலும் இன்னொருவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

முதற்படி: வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

மையத்தின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பட்டியலை முதலில் பார்த்தால், கவர்ச்சியாகத் தெரியும் ஏதோ ஒரு வகுப்பில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அது யாருக்கும் ஒத்துவரவில்லை என்று வருந்த நேரும்.

வயதுக்கு ஏற்ற அளவுகோல் ஒன்று கையில் இருப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாடும் உடலுழைப்பு தேவை. பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உழைப்பும், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றோடு, உடலின் சமநிலையைக் காக்கும் பயிற்சிகளும் வாரத்தில் மூன்று நாட்களுக்குத் தேவை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று 2019-இல் வெளியான வழிகாட்டுதல், நடக்கத் தொடங்கிய குழந்தைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடங்களாவது ஏதேனும் ஒரு வகையில் அசைந்து விளையாட வேண்டும் என்கிறது. மையத்திற்குப் போவதாலேயே இவை முழுவதும் நிறைவேறிவிடாது. எதில் குறைவு இருக்கிறது என்று தெரிந்தால், மையத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பது தெளிவாகும்.

ஒரு தாளில் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, அவருக்குப் பிடித்தது, அவர் உடம்புக்குத் தேவையானது, அவருக்குத் தடையாக இருப்பது ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் மிக முக்கியம். பாட்டிக்கு மூட்டுவலி, படியேற முடியாது. பதினான்கு வயதுப் பெண் மற்றவர்கள் முன்னிலையில் நீச்சலுடை அணியக் கூசுகிறாள். அம்மாவுக்கு மாலை ஏழு மணிக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது என்பது போன்ற தடைகளை வெளிப்படையாக எழுதி வைத்தால்தான் அவற்றுக்கு விடை தேட முடியும். உங்கள் வீட்டில் எல்லாரையும்விட அதிகத் தடைகள் யாருடைய பெயருக்கு நேரே இருக்கின்றனவோ, அவரைச் சுற்றித்தான் மற்றத் திட்டங்கள் அமைய வேண்டும்.

இரண்டாம் படி: கால அட்டவணையைக் குடும்பத்தின் நாட்களோடு பொருத்திப் பாருங்கள்

இப்போது நிகழ்ச்சிப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில், ஒரே வளாகத்தில் குறைந்தது இரண்டு மூன்று தலைமுறையினருக்கு வேலை இருக்கிறதா என்பதைத்தான் அதில் தேட வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிறுவர்களுக்கான நீச்சல் வகுப்பும், அதே நேரத்தில் முதியோருக்கான நாற்காலிப் பயிற்சியும், பெரியவர்களுக்கு உடற்பயிற்சிக் கூடமும் கிடைக்குமானால், அதைவிடச் சிறந்த நேரம் வேறு இல்லை. பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வாகனத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரை எல்லா மையங்களின் வாசலிலும் காணலாம். அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கும் உரியது என்பதை யாரேனும் எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வாரத்தில் நான்கு நாட்கள் என்று தொடங்கவே வேண்டாம். ஒரு நாளைக் குடும்ப நாளாக உறுதி செய்துவிட்டு, விருப்பமுள்ளவர்கள் தனியே போவதற்கு இன்னொரு நாளை விட்டுவைத்தால் போதும்.

மூன்றாம் படி: நீங்கள் போகவிருக்கும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள்

கூட்டமில்லாத பகல் வேளையில் மையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சேர்ந்தவர்கள், மாலையில் வந்து பார்த்துத் திகைத்துப்போவது உண்டு. வாகனம் நிறுத்த இடமில்லை, ஓடுபொறிகள் எதுவும் காலியில்லை, உடைமாற்றும் அறையில் நிற்கவே இடமில்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். ஆகவே, நீங்கள் எந்த நாளில், எந்த நேரத்தில் வரப்போகிறீர்களோ அதே நேரத்தில் ஒருமுறை போய், அரை மணி நேரமாவது அங்கே இருந்து கவனியுங்கள். ஒரு நாள் அனுமதிச் சீட்டோ, ஒரு வார முயற்சிக் காலமோ உண்டா என்று கேளுங்கள். பல மையங்கள் கொடுக்கும்.

அரங்குகளின் அழகைவிட, இடைப்பட்ட வழிகளைக் கூர்ந்து பாருங்கள். நுழைவாயிலிலிருந்து வகுப்பறை வரை கைப்பிடி இருக்கிறதா, சக்கர நாற்காலிக்கான சாய்தளம் செங்குத்தாக இல்லாமல் இருக்கிறதா, உடைமாற்றும் அறையின் தரையில் தண்ணீர் தேங்காமல் வடிகிறதா, குடும்பத்தோடு நுழைவதற்கென்று தனி உடைமாற்றும் அறை உண்டா, நடுவழியில் முதியவர் ஒருவர் உட்கார்ந்து இளைப்பாறுவதற்கு இருக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்தளத்தைப் பொறுத்தவரை, ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

பிறகு ஒரு சிறுவர் வகுப்பின் ஓரத்தில் நின்று பயிற்சியாளரைக் கவனியுங்கள். அவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா, பந்தைத் தவறவிட்ட பிள்ளையை என்ன செய்கிறார், வரிசையின் கடைசியில் ஒதுங்கி நிற்கும் பிள்ளை மீது அவர் பார்வை எத்தனை முறை போகிறது என்பவற்றைப் பத்து நிமிடம் கவனித்தாலே, எந்த விளம்பரத் தாளும் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம். பின்தங்கும் பிள்ளையின் பக்கத்தில் போய் மண்டியிட்டுப் பேசும் ஒரு பயிற்சியாளர் கிடைத்துவிட்டால், கருவிகள் பழையவையாக இருந்தாலும் அந்த மையத்திலேயே சேரலாம் என்பது என் கருத்து.

நான்காம் படி: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கட்டண விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. உறுப்பினர் கட்டணத்தில் எந்தெந்த வகுப்புகள் அடங்கும், எவற்றுக்குத் தனிக் கட்டணம், ஒரே முகவரியில் வசிக்கும் தாத்தா பாட்டியும் குடும்பக் கணக்கில் வருவார்களா, நோயோ பயணமோ குறுக்கிட்டால் உறுப்பினர் காலத்தை நிறுத்திவைக்க முடியுமா, விலகுவதென்றால் எத்தனை நாட்களுக்கு முன்னால் தெரிவிக்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் முன்னதாகவே தெரிந்துகொள்ளுங்கள். வருமானத்தின் அடிப்படையில் சலுகை தரும் மையங்கள் பல உண்டு. அதைக் கேட்பதில் கூச்சமே வேண்டியதில்லை, கேட்பவர்களுக்காகத்தான் அந்த ஏற்பாடே இருக்கிறது. முழு ஆண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைத்தாலும், முதல் மூன்று மாதங்களுக்கு மாதக் கட்டணமாகவே செலுத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கத் தவறுவதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது. பிள்ளைகளோடு பழகும் பணியாளர்களின் பின்னணி விசாரிக்கப்பட்டிருக்கிறதா, எந்தப் பிள்ளையும் ஒரு பணியாளரோடு மூடிய அறையில் தனியே விடப்படாமல் இருக்க விதி உண்டா, வகுப்பு முடிந்ததும் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்று நேரடியாகவே கேளுங்கள். நல்ல மையம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை சொல்லும். திடீரென்று இதயம் நின்றுபோகும் நிலையில், முதலுதவியோ மின்னதிர்ச்சியோ இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. ஆகவே இதய மின்னதிர்ச்சிக் கருவி எந்தச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதையும், அதை இயக்கப் பழகிய பணியாளர் எல்லா நேரமும் இருக்கிறாரா என்பதையும் முதல் நாளே அறிந்துகொள்ளுங்கள்.

நீச்சல் குளத்தைப் பற்றிச் சற்று விரிவாக

எல்லா வயதினரும் ஒருசேரப் பயன்படுத்தக்கூடிய இடம் நீச்சல் குளம். மூட்டு தேய்ந்தவரின் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. கருவுற்ற பெண்கள் மருத்துவர் அனுமதியோடு அங்கே இலகுவாக அசையலாம். பிள்ளைகளுக்கோ நீந்தக் கற்பது உயிர்காக்கும் திறன். நீரில் மூழ்கி உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் சிறு குழந்தைகளின் பங்கு பெரிது. மூழ்கும் பிள்ளை கூச்சலிடாது, கையை ஆட்டி உதவி கேட்காது. பெரும்பாலும் ஓசையின்றியே அடங்கிவிடும். ஆகவே உயிர்காப்பாளர் இருந்தாலும், நீந்தத் தெரியாத பிள்ளை தண்ணீரில் இருக்கும் வரை பெரியவர் ஒருவர் கை நீட்டினால் எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

உயிர்காப்பாளர் எங்கே பார்க்கிறார் என்பதையும் கவனியுங்கள். அவருடைய கண்கள் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையிலும், மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரையிலும் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். வகுப்பு நடத்திக்கொண்டே காவலும் காப்பவரால் அது முடியாது.

தண்ணீரின் தூய்மையை நீங்களே ஓரளவு கணிக்கலாம். கரையில் நின்று பார்த்தால் ஆழமான பகுதியின் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணை எரிக்கும் கடுமையான நெடி வீசினால், குளோரின் நிறையப் போட்டிருக்கிறார்கள், குளம் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமைன்களே அந்த நெடிக்குக் காரணம். இறங்குவதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் குளித்துவிட்டு வந்தாலே அது வெகுவாகக் குறையும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், குளத்து நீரில் கட்டற்ற குளோரின் (அதாவது அழுக்கோடு சேராமல் எஞ்சியிருக்கும் குளோரின்) பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் குறையாமலும், கார அமில அளவு (pH) 7.0 முதல் 7.8 வரையிலும் இருக்கப் பரிந்துரைக்கிறது. அன்றைய அளவுகளை எழுதி வைத்திருக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வயிற்றுப்போக்கு உள்ள யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, குளத்தில் இறக்கவே கூடாது. அதற்குக் காரணமாகும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி, குளோரின் சரியான அளவில் உள்ள நீரிலும் பல நாட்கள் உயிரோடிருக்கும்.

ஐந்தாம் படி: முதல் மாதத்தைப் பழகுவதற்கென்று ஒதுக்குங்கள்

முதல் மாதத்தில் எடைக் குறைப்பு, போட்டி, இலக்கு என்று எதையும் நினைக்க வேண்டாம். வழி பழக வேண்டும், முகங்கள் பழக வேண்டும். தயங்கும் பாட்டியை முதல் நாளே பயிற்சியில் நிற்கவைக்காமல், வகுப்பின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கையைத் தூக்கி இறக்கும் பயிற்சி வரும்போது அவர் விரல்கள் மடியிலேயே அசையத் தொடங்குவதைக் காண்பீர்கள். அடுத்த வாரம் நாற்காலியை இரண்டடி முன்னே நகர்த்திப் போட்டால் போதும்.

முதியோருக்கான வகுப்புகளில் சமநிலைப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்குமாறு நான் அழுத்திச் சொல்வேன். வீட்டில் வசிக்கும் முதியோர் தொடர்ந்து உடற்பயிற்சி செய்தால், கீழே விழும் நிகழ்வுகள் ஏறத்தாழ கால் பங்கு குறைகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுரை கண்டறிந்தது. ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை ஒட்டி விரலை வைத்து நடப்பது, தாய்ச்சி என்னும் சீனப் பயிற்சி போன்ற மெதுவான அசைவுகள் ஆகியவை சமநிலைப் பயிற்சியில் அடங்கும். இதய நோய், நீரிழிவு, அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அதைப் பயிற்சியாளரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

பதின்ம வயதினரை வற்புறுத்தினால் எதிர்விளைவுதான் ஏற்படும். எந்த விளையாட்டு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பெற்றோர் பார்வையில் படாத மற்றோர் அரங்கில் இருக்க விரும்பினால் அதையும் அனுமதியுங்கள். போட்டி பிடிக்காத பிள்ளைகளுக்கு மட்பாண்டம், நடனம், சதுரங்கம், இசை போன்ற வகுப்புகள் பல மையங்களில் உண்டு. சிறிய பிள்ளைகளுக்குப் பயிற்சி உதவியாளராக இருக்கும் வாய்ப்பு கிடைத்தால் அதைத் தவறவிட வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தன்னை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று தெரிந்தால், பதினாறு வயது இளைஞன் தூக்கத்தைக் கூட விட்டுவிட்டு வருவான்.

தலைமுறைகள் சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் விளையாட்டின் வேகத்தைக் குறைக்கத் தயங்கக் கூடாது. கைப்பந்து பிறந்ததே அப்படித்தான். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார்; அது வயது கூடிய உறுப்பினர்களுக்கு மிகவும் களைப்பூட்டுவதைக் கண்ட வில்லியம் மார்கன், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக்கில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் 1895-இல் மென்மையான ஒரு மாற்றாகக் கைப்பந்தை அமைத்தார். வலையைத் தாழ்த்தலாம், பந்தை ஒருமுறை தரையில் படவிடலாம், பேரனுக்கு இடக்கை மட்டும் என்று விதி வைக்கலாம். விதிகளை மாற்றிக்கொண்டால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆட்டத்தில் மெய்யாகவே போட்டியிட முடியும்.

மாற்றுத்திறனாளி ஒருவர் குடும்பத்தில் இருந்தால், அவரைக் குளத்தில் இறக்கிவிடும் தூக்குக் கருவி உண்டா, இரைச்சலும் வெளிச்சமும் குறைக்கப்பட்ட தனி நேரம் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் கோரிக்கை எழுதிக் கொடுங்கள். கேட்ட குடும்பங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் பல மையங்கள் இத்தகைய வசதிகளைத் தீர்மானிக்கின்றன.

ஆறாம் படி: மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பாருங்கள்

பழைய தாளை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் என்ன மாறியிருக்கிறது என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். எடையையும் இரத்த அழுத்தத்தையும் மட்டும் பார்க்க வேண்டாம். அம்மாவுக்கு வீட்டுக்கு வெளியே பெயர் சொல்லி அழைக்கும் இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்களா, தாத்தா இரவில் நன்றாகத் தூங்குகிறாரா, அண்ணனும் தங்கையும் வழியில் பேசிக்கொண்டு வருகிறார்களா என்பவையும் பயன்களே. புதிதாக ஊர் மாறி வந்த குடும்பங்களுக்கு இந்த அறிமுகங்கள் எந்தப் பயிற்சியையும்விடப் பெரிய உதவி. அவசரத்திற்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கும். யாருக்காவது ஒன்றும் ஒத்துவரவில்லை என்றால், அவரைக் குறை சொல்லாமல் வகுப்பை மாற்றுங்கள். பலரும் வராமல் நின்றுவிட்டிருந்தால், மாதக் கட்டணத்தை வீணாக்காமல் விலகிவிட்டு, ஒரு நாள் சீட்டு எடுத்துப் போய்வரலாம்.

தொடர்வது என்று முடிவானால், மையத்தின் உறுப்பினர் கூட்டத்திற்கு வீட்டிலிருந்து ஒருவராவது போக வேண்டும். பெரும்பாலும் அந்தக் கூட்டங்களுக்கு வருபவர்கள் குறைவு. வந்து பேசுபவர்களின் வசதிக்கேற்பவே வகுப்பு நேரங்கள் அமைந்துவிடுகின்றன. முதியோர் வகுப்பைச் சிறுவர் நீச்சல் நேரத்தோடு சேர்த்து வைக்க வேண்டும், குளத்தின் படிக்கட்டில் இரண்டாவது கைப்பிடி பொருத்த வேண்டும், மாலை ஏழு மணிக்கு மேல் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பன போல, உங்கள் தாளில் தடையாக எழுதிய ஒவ்வொன்றையும் அங்கே ஒரு கோரிக்கையாக வையுங்கள். உங்களைப் போலவே கேட்கும் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களின் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அடுத்த காலாண்டு அட்டவணை தயாராகும்போது நிர்வாகம் அதைக் கருத்தில் கொள்ளும் வாய்ப்பு கூடும்.